உயரம் பூஜ்ஜியம்

ஆர்லோ என்னோடு பேசுவதை நிறுத்தியது ஒரு திங்கட்கிழமை. அதுவரை எங்கள் நகராட்சி அலுவலகத்தில் பத்து மணிக் காபி என்றால் அவனும் நானும்தான். அவனுக்குத் தொலைபேசி வேலை. ஊரில் பாதிப் பேர் அவன் குரலைத்தான் நகராட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. கணினித் திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவன் காதில் மாட்டு ஏலக்காரன் வேகத்தில் படபடவென்று வாசிக்கும். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. அவனுக்கு அது போதும்.

நான் நகராட்சியின் இணையதளத்தைக் கட்டி மேய்க்கிறவள்.

"காபி ஊத்தட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்."

"பழம் வச்சுச் சுட்ட பை இருக்குய்யா. சாஸ்கட்டூன் பெர்ரி. எங்கம்மா செஞ்சது."

"நீயே சாப்பிடு."

எங்கள் அம்மா சுட்ட பையை மறுத்தவனைக் கனடாவின் இந்த மனிடோபா மாகாணத்திலேயே நான் பார்த்ததில்லை. போன வாரம் பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்தில் அவன் அணி தோற்றதற்குக் கேலி செய்தேனே, அதுவா? அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. செவ்வாயும் அப்படியே போயிற்று. எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே கொஞ்சம் கம்மி. புதன்கிழமை காலை அவன் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"யோவ், என்னதான்யா உனக்கு? மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"உனக்குத் தெரியாதாக்கும்."

"தெரிஞ்சா ஏன் வந்து கத்தறேன்?"

"வேனை நிறுத்தப் போறாங்களே. அது."

வண்டி ஓட்ட முடியாதவர்களுக்கு நகராட்சி விடும் வேன் அது. ஆர்லோவிடம் போன் செய்து பதிந்துகொண்டால் வாசலுக்கே வரும். இந்த ஊரில் பஸ் கிடையாது. ஆர்லோ குடியிருப்பது ஊர்க்கோடியில், தானியக் கிடங்கைத் தாண்டி. ஜனவரியில் அந்தச் சாலையோரம் நடப்பது, கண் தெரிந்தவனுக்கே தற்கொலை. வேன் நின்றால் அவன் வேலையும் நின்றது என்றுதான் அர்த்தம்.

"யார் சொன்னா உனக்கு?"

"நீதான். உன் இணையதளம்தான் சொல்லுச்சு. இடது பக்க மெனுவுல, 'போக்குவரத்து'க்குக் கீழே. போன வாரத்துலேர்ந்து ஊரே பாத்துக்கிட்டிருக்கு. தினம் என் எதிர்ல உக்காந்து காபி குடிக்கறவ ஒரு வார்த்தை சொல்லலை."

குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. ஓடிப் போய் என் திரையில் 'போக்குவரத்து' என்ற சொல்லுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன முக்கோணத்தைச் சொடுக்கினேன். அழகாக விரிந்தது. பனி அகற்றும் நேரம், வாகன நிறுத்தம், வேன் முன்பதிவு. அவ்வளவுதான்.

"அப்படி ஒண்ணும் இல்லையேய்யா!"

"இல்லையா? வந்து கேளு."

கணினியிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எனக்காக வேகத்தைக் குறைத்து வைத்தான். இயந்திரக் குரல் நிதானமாகச் சொன்னது: "வேன் முன்பதிவு. புதிய அறிவிப்புகள். வேன் சேவை நிறைவு, கேள்வியும் பதிலும்."

"எனக்குத் தெரியலையே ஆர்லோ! என் கண்ணுக்குத் தெரியலை!"

"உன் கண்ணுக்கா?" என்றான். பிறகு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

நிரலைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. எங்கள் மெனு முன்பு முழநீளம் இருந்தது. எல்லாரும் புலம்பியதால் சொடுக்கினால் விரியும், மறுபடி சொடுக்கினால் சுருங்கும்படி நான்தான் நிரல் எழுதினேன். சுருங்கும் இடத்தில் நான் செய்தது ஒன்றுதான்: அந்தப் பகுதியின் உயரத்தைப் பூஜ்ஜியமாக்கினேன். கண்ணுக்கு மறைந்துவிடும். வாசிக்கிற மென்பொருளுக்கு உயரமாவது அகலமாவது. எழுத்து இருந்தால் வாசித்துவிடும். 'புதிய அறிவிப்புகள்' என்ற பகுதியைச் சேர்த்தவர் நகராட்சி நிர்வாகி ப்ரென்ட். முக்கோணமே வைக்காமல் சேர்த்திருந்தார். பார்வையுள்ள எவராலும் அதைத் திறக்கவே முடியாது.

"அப்படின்னா உனக்கு இந்த மெனு ஒருநாளும் மூடினதே இல்லையா?"

"மூடுமா அது? ஒவ்வொரு பக்கத்துலயும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் முழுசா வாசிக்கும். உங்களுக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். ஏன் தாயே, பத்தடி தள்ளித்தான உக்காந்திருக்கேன், ஒருநாள் வந்து 'இதைக் கேட்டுப் பாருய்யா'ன்னியா?"

கேட்டதில்லை. திறந்து மூடுகிற அழகை நானே பார்த்து நானே மெச்சிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அந்தக் கோபத்தோடு ப்ரென்டின் அறைக்குப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. எதையும் சத்தமில்லாமல் முடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அதனால் வருகிற கேடு, கெட்டவர்களால்கூட வராது.

"வர்ற செவ்வாய்க்கிழமை கவுன்சில்ல வேனைப் பத்தி ஓட்டெடுப்பு. முடிஞ்சதும் முக்கோணத்தைப் போட்டுத் திறந்துடலாம்னு தயாரா வச்சிருந்தேன். முன்னாடியே சொன்னா எல்லாரும் வந்து அழுவாங்க, வெர்னா" என்றார்.

"வந்து அழட்டுமே. அதுக்குத்தானே கூட்டம்?"

"அது கவுன்சிலோட கவலை. உங்க வேலை மெனு. ஒருத்தருக்குத் தெரியறது இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்கறது கோளாறுதானே? சரிபண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னது ஒரு வரி வேலை. மென்பொருளுக்கும் மறைத்துவிடு என்று ஒரு வரி. அதைத் தட்டினால் ஆர்லோவுக்கும் அந்தப் பகுதி இல்லாமல் போகும். என்ன மாயமோ, இத்தனை வருஷமும் ஒவ்வொரு துறையும் என்னிடம் வந்து கேட்டது இதைத்தான். நீளமாக இருக்கிறது, மூடி வையுங்கள். நானும் மூடி மூடி நல்ல பெயர் வாங்கினேன். உள்ளே இருப்பதைத் தேடி யாராவது தவிப்பார்களே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மூடியிருந்தால் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது.

"மூடப் போறியா?" ஆர்லோ பின்னால் வந்து நின்றான்.

"ஒரே மாதிரி இருக்கணுமாம்."

"மூடிடு. அவருதான் உன்னை வேலைக்கு வச்சிருக்கறவரு. எனக்காக நீயும் வீட்டுக்குப் போக வேண்டாம். அப்புறம் பை யாரு கொண்டு வருவா?"

"கொஞ்சம் வாயை மூடு. யோசிக்கறேன்."

பொய். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. பயந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். பயம் தீரும் வழியாகத் தெரியவில்லை. அதனால் பயத்தோடேயே அந்தப் பகுதியை மெனுவின் உச்சிக்குத் தூக்கினேன். உயரத்தைப் பூஜ்ஜியமாக்கும் வரியை அதிலிருந்து அழித்தேன். இனி எவர் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"இப்பக் கேளு."

கேட்டான். "எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லையே."

"உனக்கு இருக்காது. மத்தவங்களுக்குத்தான்."

மதியத்துக்குள் தொலைபேசி மணி அடிக்க ஆரம்பித்தது. பிறகு ஓயவே இல்லை. ப்ரென்ட் வேகமாக வெளியே வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"இதையா சரிபண்ணச் சொன்னேன்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சொன்னீங்க. ஒரே மாதிரி இருக்கு."

"உடனே எடுங்க அதை!"

"நான் எடுக்க மாட்டேன், ப்ரென்ட். வேணும்னா நீங்களே எடுங்க. ஆனா பாத்தவங்க பாத்துட்டாங்க."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆர்லோவின் மேஜையில் மறுபடி மணி அடித்தது. அவன் தன் அலுவலகக் குரலில் எடுத்தான்.

"வணக்கம், நகராட்சி... ஆமா மேடம், நெசந்தான். இடது பக்கம், மேலேயே இருக்கு பாருங்க. இல்லை, இன்னும் முடிவாகலை. செவ்வாய் ராத்திரி ஏழு மணிக்குக் கவுன்சில் கூட்டம், யாரு வேணாலும் வந்து பேசலாம். அய்யோ, உங்களால வண்டி ஓட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? வேன் இருக்கே. உங்க பேரையும் பதிஞ்சிடறேன். ஒரே ஒரு விஷயம், ஆறு மணிக்கே தயாரா இருங்க. முதல் நடை நிரம்பிடுச்சு. ரெண்டாவதுல நானும் வர்றேன்."