ஒரு சாண் குறைச்சல்

குழாய்க்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் 'அவசரம்' என்று கேட்டால்தான் தெருவில் யாரும் அவர் வீட்டைக் காட்டுவார்கள். குழாய் ஒழுகுகிறது என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சுவரை உடைத்திருப்பார். அது பக்கத்து வீட்டுச் சுவராக இருந்ததும் உண்டு. இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆமைக்கு அண்ணன். அவருடைய சபையில் ஞானஸ்நானத் தொட்டியைக் கட்டியது அவர்தான். நீல ஓடு பதித்து, படி வைத்து, வெந்நீர்க் குழாய் வரை கொடுத்திருந்தார். பதிமூன்று வருடமாக அதில் யார் யாரோ முங்கி எழுந்துவிட்டார்கள். கட்டியவர் மட்டும் இறங்கவில்லை.

"முதல்ல ஆளு சரியாகட்டும், அப்புறம் இறங்கறேன்" என்பார் மனைவியிடம்.

சரியாக வேண்டியது நிறையவே இருந்தது. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். போர்வைக்குள் படுத்துக்கொண்டே "இதோ, பாதி வழியில வந்துட்டேன்" என்று போனில் புளுகுவார். மனைவியின் தம்பி, ரொட்டிக்கடைக்காரர், அவரோடு ஒரு சண்டையில் பேச்சு நின்று இரண்டு வருடம். வருடத்துக்கு ஒரு குறையை அடைப்பார். அதற்குள் வேறு இடத்தில் ஒழுகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு யூதர்களின் முழுக்கு வீட்டில் வேலை. மச்சானின் ரொட்டிக்கடைக்குப் பின்புறம், சடங்குக்கு முங்குவதற்கென்றே இருந்த சின்னக் கட்டடம் அது. உள்ளே ஏழு படி இறங்கினால் முங்கும் தொட்டி. சுவருக்கு அந்தப் பக்கம், கூரையில் விழும் மழை வந்து சேரும் குழி. இரண்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதற்கு ஓர் அடைப்பு. குழியில் இருந்த விரிசலை அவர் போன வாரம் பூசிக் கொடுத்திருந்தார். ஞாயிறன்று பெய்த மழையில் தண்ணீர் நன்றாக நின்றது. ஆனால் சுவரில் செதுக்கிய அளவுக்கோட்டுக்கு ஒரு சாண் குறைச்சல்.

வியாழக்கிழமை அங்கே ஒரு தையல்காரப் பெண் முங்க வேண்டும். யூதர்களில் ஒருத்தியாக வேண்டும் என்று நான்கு வருடம் படித்துக் காத்திருந்தவள். அதற்குச் சாட்சியாக மூன்று ரபிகள், அதாவது யூத குருமார், வெளியூரிலிருந்து வருகிறார்கள். அன்று மாலையே ரயிலேறிவிட்டால் அடுத்து ஏழு மாதம் கழித்துத்தான் வருவார்கள்.

'பாவம், ஒரு சாணுக்காகப் பெண் தவிப்பானேன்?' என்று நினைத்தார் அவசரம். முழுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்கார அம்மாள் துண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். குழாயை மாட்டிக் கோடு வரை நிரப்பினார். ஓரத்தைத் துடைத்தும் வைத்தார்.

திரும்பி வந்த அம்மாள் குழியைப் பார்த்து முதலில் மகிழ்ந்தாள். பிறகு தரையில் கிடந்த ஈரக் குழாயைப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"குழாய்லேருந்துதான்கா. பின்ன, வானத்துலேருந்தா வரும்?"

"ஆமாய்யா, வானத்துலேருந்துதான் வரணும்!"

அம்மாள் சாவிக்கொத்தோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மழையாவோ ஊத்தாவோ தானா வந்து அளவு நிறையணும். நிறைஞ்சப்புறம் எவ்வளவு குழாய்த் தண்ணி விட்டாலும் தோஷமில்ல. அதுக்கு முன்னாடி விட்டா மொத்தமும் கெட்டுப்போகும். இப்ப எல்லாத்தையும் இறைச்சுக் கொட்டணும்."

"தண்ணி தண்ணிதானேக்கா? அழுக்கு போனா சரி."

"அழுக்கா? தேய்ச்சுக் குளிச்சு, நகம் வெட்டி, மோதிரம் கழட்டினப்புறம்தான் நான் படியிலயே கால் வைக்க விடுவேன். இது சோப்புப் போடற தண்ணி இல்லய்யா. இதுல முங்கி எங்க மதத்துக்கு வர்றவங்க இன்னிக்குப் பொறந்த குழந்தைக்குச் சமம்னு எங்க பெரியவங்க எழுதி வச்சிருக்காங்க. எந்தக் குழந்தையாவது தானே தண்ணி மொண்டுக்கிட்டு வந்து தன்னைப் பெத்துக்குமா?"

அவசரம் ஈரக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். அம்மாள் விடவில்லை.

"உங்க பைபிள்ல வர்ற யோவான் ஆத்துல நின்னு முழுக்குக் கொடுத்தாரே, அவரும் எங்க வீட்டுப் பிள்ளைதான். அவர்கிட்ட வந்தவங்களும் காலங்காலமா முங்கிப் பழகினவங்க. நாங்க திரும்பத் திரும்ப முங்குவோம். அவரு 'மனசு திரும்பு, அதோட முங்கு'ன்னாரு. அதுதான் வித்தியாசம். தொட்டி கட்டத் தெரியுது, அது எங்கேருந்து வந்ததுன்னு தெரியலையே உங்களுக்கு!"

அதற்குள் தையல்காரப் பெண் வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மாள் வாங்கி வந்த துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "ஏழு மாசம்தானே" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். வெட்கத்தில் காது சுட்டது.

"பக்கத்துல ஆறு, கடல் ஏதாவது?" என்று கேட்டார்.

"ஒரு நாள் பயணம்" என்றாள் அம்மாள்.

"சரிக்கா. தண்ணியச் சுமக்கத்தான் கூடாது. அது வர்றதுக்கு வழி போடலாமா?"

"வழி போடலாம். கட்டடத்தோட சேர்த்துப் பூட்டின குழாயா இருக்கணும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். முழுக்கு வீட்டின் கூரை கையகலம். அதை ஒட்டி மச்சானின் தகரக் கூரை, ஒரு கல்யாண மண்டபமே போடலாம் போல விரிந்து கிடந்தது. இரண்டு வருடமாக எத்தனையோ வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். கடை வாசலுக்குப் போனதும் ஒன்றும் நினைவில்லை.

"மச்சான், உன் கூரை வேணும்."

மச்சான் மாவுக் கையோடு நிமிர்ந்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கேக்கறதப் பாரு. கூரை போதுமா, கடையும் வேணுமா?"

"அந்தப் பொண்ணுக்காகடா. தப்பு என்னோடது." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு நடந்ததும்தான்" என்றார்.

மச்சான் கையைத் துடைத்தார். "ஏணி பின்னால இருக்கு. அஞ்சாவது தகடு மேல கால் வைக்காத, ஓட்டை."

குழியை இறைத்துக் கடைசிச் சொட்டு வரை துடைத்தார்கள். புதன் முழுக்க இரண்டு பேரும் திட்டிக்கொண்டே அந்தக் கூரையிலிருந்து குழிக்குத் தகர ஓடை கட்டினார்கள். முங்கும் தொட்டியில் வழக்கம்போல் குழாய்த் தண்ணீரை விட்டாயிற்று; குழியின் மழைத்தண்ணீர் துளை வழியாக அதைத் தொட்டால் போதும், அதுவும் செல்லும். குழி மட்டும் காலியாக வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

வியாழன் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ரபிகள் வந்தார்கள், பெண்ணிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், தேநீர் குடித்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவசரத்துக்கு உடைக்கச் சுவரில்லை, திருகக் குழாயில்லை. சும்மா நிற்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது. எந்தக் குழந்தை தன்னைத் தானே பெற்றுக்கொள்ளும் என்று அம்மாள் கேட்ட கேள்வி வேறு மண்டையைக் குடைந்தது. பதிமூன்று வருடமாக அவர் செய்தது என்ன? தன் குழியில் தானே வாளி வாளியாகக் கொட்டியதுதான். கோடு எட்டினால்தானே!

பன்னிரண்டு மணிக்கு மேகம் கூடியது. மழை என்று சொல்லவும் முடியாத தூறல். கையகலக் கூரைக்குத் தரை நனைந்திருக்கும், அவ்வளவுதான். மச்சானின் கூரை ஒரு பொட்டும் விடாமல் வாரிக் கொடுத்தது. ஓடையில் சலசலப்புக் கேட்டது. மூன்று மணிக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டது. அம்மாள் துளையின் அடைப்பை எடுத்தாள். வானத்துத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

ரபிகள் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தார்கள். உள்ளேயிருந்து, ஒரு முங்கலுக்கு ஒன்றாக, அம்மாளின் குரல் மூன்று முறை வந்தது. "சரி! சரி! சரி!"

ஈரத் தலையோடு அந்தப் பெண் வெளியே வந்தபோது மச்சான் அழுதுகொண்டிருந்தார். கேட்டால் மாவு கண்ணில் பட்டதாம்.

"உள்ள எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் அவசரம்.

"பயங்கரக் குளிருண்ணா" என்றாள். சிரிப்பும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

அவர் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார். "இந்த ஞாயித்துக்கிழமை நான் இறங்கறேன். போதகர்கிட்ட சொல்லிடு."

"ஆளு சரியாயிட்டீங்களா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கேன். மாத்துத் துணி ஒண்ணு எடுத்து வை."

"வெள்ளைச் சட்டை பதிமூணு வருஷமா பெட்டியில இருக்குங்க. எடுத்துத்தான் வச்சிருக்கேன்." மனைவியின் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டாள். "ஆனா உங்க தொப்பைக்கு இப்பப் பத்தாது. ஒரு சாண் குறையும்."

போனில் அவள் பேசியது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. தையல்காரப் பெண் ஈரக் கூந்தலைத் துவட்டிக்கொண்டே திரும்பினாள்.

"நாளைக்குக் காலையிலயே சட்டையைக் கொண்டு வாங்கண்ணா. ரெண்டு பக்கமும் துணி வச்சுத் தந்துடறேன்" என்றவள், ஒரு நொடி நின்று, முதல் முறையாக அதைச் சொல்லிப் பார்த்தாள். "சனிக்கிழமை ஓய்வுநாள். நாங்க ஊசி தொட மாட்டோம்."