போன தடவை மாதிரியே?

சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்துக்காக இல்வா வடிவமைத்த தொடுதிரைக்குப் பரிசு கிடைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதைப் பயன்படுத்துகிறவர்களின் வாயாலேயே நாலு நல்ல வார்த்தை வாங்கி விளம்பரத்தில் போடலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதற்காகத்தான் அந்த பிப்ரவரி காலையில் அவள் ஸ்வீடனின் உப்சாலா நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு வந்திருந்தாள்.

அங்கே சென்ட்ரிஃப்யூஜ் அறை குன்வோரின் ராஜ்ஜியம். ஐம்பத்தெட்டு வயது. துவைக்கும் இயந்திரம் அளவிலிருந்த அந்தப் பெட்டிக்குள் குழாய்களை அடுக்கி அசுர வேகத்தில் சுற்றவிட்டு, கனமானதை அடியில் தங்கவைத்துப் பிரித்தெடுப்பது முப்பத்தோரு வருஷமாக அவளுடைய வேலை.

"வா வா, டிசைன் ராணி! உன் பெட்டியைப் புகழணுமாமே? எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் குன்வோர்.

"புகழவெல்லாம் வேண்டாம். நீங்க எப்பவும் போல வேலையைப் பாருங்க, நான் ஓரமா உக்காந்து பாக்கறேன்."

"பாக்க என்ன இருக்கு? பழசுல ஏழு தடவை அமுக்கணும். எண் எல்லாம் மனப்பாடமா இருக்கணும். உன்னோடதுல ஒரே அமுக்கு. என் பூனைகூட ஓட்டிடும்."

இல்வாவுக்குக் காது குளிர்ந்தது. நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

குன்வோர் குழாய்களை ரோட்டரில் செருகத் தயாரானாள். ரோட்டர் என்பது குழாய்களைத் தாங்கிக்கொண்டு சுற்றுகிற கனத்த உலோகத் தலை. அன்றைக்குச் சரக்கு அதிகம் என்பதால், அலமாரியின் அடித்தட்டிலிருந்து பெரிய ரோட்டரை இரண்டு கையாலும் தூக்கி வந்து பெட்டிக்குள் இறக்கி, குழாய்களைச் செருகினாள். மூடியை அழுத்திச் சாத்தினாள். ரோட்டரின் அடியிலிருக்கும் குறியைப் படிக்கப் பார்த்த இயந்திரம், குறி தேய்ந்துபோயிருந்ததால் படிக்க முடியாமல், திரையில் ஒரு கேள்வி கேட்டது: 'போன தடவை மாதிரியே?' கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். குன்வோர் கையுறை போட்ட விரலால் அதை அமுக்கிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கான குழாய்களுக்குப் பேர் எழுத மேஜைக்குத் திரும்பினாள்.

பெட்டி முனகத் தொடங்கியது. வேகம் ஏற ஏற அந்த முனகல் சீட்டியாக மாறியது. இல்வா பெருமையோடு திரையைப் பார்த்தாள். அதில் அவளே வரைந்த சின்னப் படம்: போன தடவை ஓடிய, எட்டுத் துளை போட்ட சிறிய ரோட்டர் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் வேகம், நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று: பதினாறாயிரம். பதினேழாயிரம்.

தற்செயலாக அவள் பார்வை மேஜைக்குப் போனது. அந்தச் சிறிய ரோட்டர் சிவப்பு மூடியோடு மேஜை மேல் இருந்தது.

அப்படியானால் உள்ளே சுற்றுவது?

"குன்வோர், பெரிய ரோட்டர் எவ்வளவு வேகம் தாங்கும்?"

"பன்னெண்டாயிரம். ஏன் கேக்கற?"

 திரையில் பதினெட்டாயிரம். இல்வா பாய்ந்து போய் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தாள். மூன்று விநாடி விடாமல் அமுக்கிப் பிடித்தால்தான் அது நிற்கும். கையுறை தெரியாமல் பட்டு நின்றுவிடுகிறது என்று புகார் வந்ததால் அப்படி மாற்றியதும் அவள்தான். விரல் வியர்வையில் வழுக்கியது. இரண்டு வரை வந்த எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

சீட்டியின் சத்தம் மாறியதைக் குன்வோர் காதிலேயே பிடித்துவிட்டாள். பேனாவைப் போட்டுவிட்டு வந்து இல்வாவின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள்.

"விடு! வெளிய வா! வா சொல்றேன்!"

"இன்னும் ஒரு செகண்டு..."

குன்வோர் அவளைத் தரதரவென்று இழுத்து வெளியே தள்ளி, கனத்த கதவைத் தோளால் சாத்தினாள். சாத்தியதுதான் தாமதம், கட்டிடமே ஒரு தடவை குலுங்கியது. கதவுக் கண்ணாடி உதிர்ந்து இருவர் தலையிலும் கொட்டியது. பிறகு சத்தமே இல்லை. எங்கோ தண்ணீர் மட்டும் பீறிட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தார்கள். கால் டன் எடையுள்ள பெட்டி ஒன்றரை மீட்டர் நகர்ந்து கழுவுதொட்டியை நொறுக்கியிருந்தது. மூடியின் கீல் ஒன்று பிய்ந்து பறந்து சுவரில் பாதிவரை புதைந்திருந்தது. இல்வா நின்றிருந்த இடத்துக்கு நேர் பின்னால், அவள் நெஞ்சு உயரத்தில்.

குன்வோர் நடைபாதைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே அமுக்கினேன்? படிக்கவே இல்ல. கை தானா போயிடுச்சு. உன்னைக் கொன்னிருப்பேன்டி."

அது உங்கள் தப்பு இல்லை என்று சொல்ல இல்வா வாயைத் திறந்தாள். குரலே எழவில்லை. அப்போது சொல்லாமல் போனதுதான் பிறகு அவளை அதிகமாக அறுத்தது.

மதியம் கம்பெனி மேலாளர் தோர்னி போன் செய்தார். "நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. கேள்வி திரையில தெளிவா வந்துச்சு இல்ல? அந்தம்மா படிக்காம அமுக்கிட்டாங்க. பயன்படுத்தினவங்க கவனக்குறைவுன்னு அறிக்கை எழுதிடு."

"எழுதறேன்" என்றாள் இல்வா. என்ன எழுதப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அலுவலகம் திரும்பி, போன வருஷம் எடுத்த சோதனை வீடியோக்களைப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அந்தத் திரையை இயக்கினார்கள். பழைய திரையில் நாற்பத்தோரு விநாடி எடுத்த வேலை புதியதில் நாலே விநாடி. அந்தக் கணக்குக்குத்தான் பரிசு. பன்னிரண்டு பேரும் இயக்கியது ஒரே ரோட்டரை. அன்றைக்கு அலுவலகத்தில் வேறு ரோட்டர் இருக்கவில்லை.

ஒன்பதாவதாக வந்தவர் பச்சைப் பொத்தானில் விரலை வைத்துவிட்டு அமுக்காமல் திரும்பினார். "நடுவுல யாராவது ரோட்டரை மாத்தியிருந்தா?" என்று கேட்டார்.

படத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. "அதெல்லாம் யாரு மாத்தப் போறா? நீங்க அமுக்குங்க."

தன் குரலை அடையாளம் கண்டுகொள்ள இல்வாவுக்கு ஒரு கணம் பிடித்தது. திரும்பத் திரும்ப மூன்று முறை போட்டுக் கேட்டாள். 

அந்த வீடியோவையும் அறிக்கையோடு சேர்த்துத் தோர்னிக்கு அனுப்பினாள். 'தப்பு என்னுடையது, குன்வோருடையது அல்ல' என்பதுதான் அறிக்கையின் முதல் வரி. பத்து நிமிஷத்தில் அவர் முகம் வெளிறி அவள் மேஜைக்கு வந்தார்.

"இதை வேற யாருக்காவது அனுப்பினியா?"

"இன்னும் இல்ல. முதல்ல எல்லா இடத்துக்கும் போன் பண்ணணும். இருநூத்துப் பதினாலு பெட்டி வெளியில இருக்கு, தோர்னி."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பட்டியலைப் பாதியாப் பிரி. மேல் பாதி எனக்கு."

அழைக்க அழைக்க ஒரே பதில்தான் வந்தது. ஆமாம், அந்தக் கேள்வி வரும். இல்லை, படிப்பதில்லை. பச்சையை அமுக்குவோம். லுண்ட் நகரத்துக் கூடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அதுக்குத்தானே அதை அவ்வளவு பெரிசா வச்சீங்க?" என்றார். இல்வா கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினேழாவது அழைப்பு நார்வேக்கு, த்ரோண்ட்ஹெய்மிலிருந்த ஒரு கூடத்துக்கு. எடுத்தவன் பின்னால் அந்தச் சீட்டி கேட்டது.

"இப்ப ஓடுதா?" என்றாள் இல்வா.

"ஓடுது. ஏன்?"

"உள்ள எந்த ரோட்டர்?"

மறுமுனையில் காலடிச் சத்தம். யாரையோ கூப்பிட்டுக் கேட்பது காதில் விழுந்தது.  இல்வா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. பக்கத்தில் தோர்னி தன் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதுதான்" என்றது குரல். "ஆனா அடுத்த ஓட்டத்துக்குப் பெரிசை வெளிய எடுத்து வச்சிருக்காங்க."

"தொடாதீங்க. தயவுசெஞ்சு அதைத் தொடவே தொடாதீங்க" என்றாள் இல்வா.  தோர்னி போனை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கி, மீதியைச் சொல்ல ஆரம்பித்தார்.