எங்க ரூம்லேர்ந்து ஆறு தெரியாது

“‘எங்க ரூம்லேர்ந்து பாத்தா பஸ் ஸ்டாண்டு தெரியும்’னு போடு.”

“எங்க ரூமா?”

“ஆமா, எங்க ரூம்தான்.”

“‘என் ரூம்’னு சொல்லு.”

“இன்னாப்பா வித்தியாசம்? எங்க வூடு, எங்க அம்மா, எங்க தெருன்னு சொல்றதில்ல? உன்னக் கூடத்தான் எங்க வூட்டுக்காரருன்னு சொல்றேன். அதுக்குன்னு உன்ன நாலு பேரு சேந்தா கட்டிகினோம்?”

“இந்த சைட்ல தமிழ்ல போட்டா அதுவா இங்கிலீஷ்ல மாத்திக்கும். ‘அவர் ரூம்’னு வரும்.”

“அவர் ரூமா? எவர் ரூமு?”

மெர்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அன்பு சிரிக்கவில்லை. எவர் என்ற அந்தக் கேள்வியை அவள் வெளிநாட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் அவன் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அதையே பகடியாக எடுத்து வீசிவிட்டது அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, ஒரகடத்தில் அந்த இரண்டாம் மாடி வீட்டின் தரையில் ஆளுக்கொரு பக்கம் கிடந்தார்கள். மொட்டை மாடி வெயில் முழுவதையும் மின்விசிறி வாங்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. மெர்சி கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தானியங்கி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். புது இயந்திரம் ஒன்று ஸ்பெயினிலிருந்து வரப்போகிறது என்று கம்பெனியில் மூன்று பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஜூலை மாதம் முழுக்க அங்கே இருந்துவிட்டு வந்திருந்தாள். தங்கிய ஓட்டல் எப்படி என்று மூவரும் இணையத்தில் எழுத வேண்டும், அடுத்த அணியையும் அங்கேயே தங்க வைக்கலாமா என்று பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் டிக்கெட் போடுகிறவர் சொல்லியிருந்தார். மற்ற இருவரும் எழுதிவிட்டார்கள். மெர்சிக்கு எழுத வராது. வீட்டில் எழுத வருகிறவன் அன்பு.

அடுத்த அணியில் மெர்சியின் பெயரும் இருந்தது. இந்த முறை ஒரு மாதம் இல்லை, ஒரு வருஷம். போகிறாளா இல்லையா என்று நாளைக்குள் எச்.ஆரில் சொல்ல வேண்டும். வாசலில் படுத்திருக்கும் பூனையைத் தாண்டிப் போவதுபோல, ஒரு வாரமாக இருவரும் அந்தப் பேச்சைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்புக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை. அங்கிருந்து யாரையும் எந்த நாட்டுக்கும் அனுப்புவதில்லை. அவன் போனதெல்லாம் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில்தான். மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். வண்டி ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் நிற்கும்போது அவன் ஏதோ ஒரு வெள்ளைச் சுவர்த் தெருவில், சன்னல் கதவுகளை அடைத்துக்கொண்டு ஊரே தூங்கும் மதியத்தில் நடந்துகொண்டிருப்பான். போகாத ஊருக்கு வழி சொல்கிறவன் என்று ஸ்டோர்ஸில் கேலி செய்வார்கள். சொல்லத்தான் செய்தான். மெர்சியைப் பார்த்துப் பழகியதே, அவள் கம்பெனி ஆட்களும் ஏறும் அந்த பஸ்ஸில்தான். கல்யாணமான புதிதில், தூக்கம் வராத நேரமெல்லாம் அவளுக்கு அந்த ஊர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் கேட்டபடியே தூங்கிப்போவாள்.

அந்த ஊர்களில் ஒன்றுக்குத்தான் அவள் போய் வந்திருந்தாள்.

“கார்டோபால வெயிலு நம்மூர விட ஜாஸ்தின்னு போடு.”

“கோர்தொபா.”

“இன்னாவோ ஒண்ணு. அங்க இருந்தவ நானு.”

“இருந்தவளுக்குப் பேராச்சும் சொல்லத் தெரியணும்ல?”

“பேரு தெரியாமதான் ஒரு மாசம் குப்ப கொட்டினேனா? டிரைவருக்குப் புரிஞ்சுது, உனுக்குத்தான் புரியல.” மெர்சி ஒரு தலையணை உறையை உதறினாள். “எழுது. வெயிலு காயற வெயிலு, வேக்காடு கெடையாது. துணி தொவச்சு ஜன்னல்ல போட்டா பல்லு வெளக்கறதுக்குள்ள காஞ்சிடும். ஜன்னல்ல துணி போடக்கூடாதுன்னு மாரியக்கா ஒருநாளு திட்டிச்சு.”

“யாரு மாரியக்கா?”

“ரிசப்ஷன்ல இருக்கும்ல அந்தம்மா. பேரு மாரி. சத்தியமாப்பா. நம்ம மாரியாத்தா மாரி.”

“மாரி கார்மென்னா இருக்கும்.”

“அதான். மாரி.”

அவன் எவ்வளவு புத்தகங்களில் அப்படிப்பட்ட பெண்களைத் தேடிப் படித்திருப்பான்! மாலையில் நாற்காலியைத் தெருவில் போட்டு விசிறிக்கொண்டிருப்பவர்கள், ஒரு வார்த்தையில் ஒரு ஆணைக் குத்திக் கிழிப்பவர்கள். அவர்களில் ஒருத்தி நிஜமாகவே இருந்து, இவளைத் திட்டி, இவளிடம் அக்காவாகியும் இருக்கிறாள். திட்டு வாங்கக்கூட அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவ்வளவு ஏன், அவனுடைய புத்தகமே போய்விட்டு வந்திருந்தது. அந்த நாட்டு நாவல் ஒன்றை, அங்கேயே உட்கார்ந்து படி என்று அவள் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தான். அட்டையில் வட்டமாக மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. அங்கே ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பாடு போடுவார்களாம். ஏழு மணிக்கே பசிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கொண்டுபோன கரன்ட் குக்கரில் எலுமிச்சை சாதம் செய்தார்கள். மேசை சுட்டுவிடக் கூடாதே என்று குக்கருக்கு அடியில் நாவலை வைத்தாள். ‘ஓட்டல்காரன் டேபிளு பாவம் இல்லியா?’ என்று அதற்கு நியாயமும் சொன்னாள்.

கைப்பேசி அடித்தது. ஜெபர்சன். அவளோடு போன இருவரில் இளையவன், நாகர்கோவில் பக்கத்துப் பையன். மெர்சி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

“எக்கா, எழுதியாச்சா இல்லியா? டிக்கெட் போடுத சாரு என்னையப் போட்டு அரிக்காரு.”

“எங்க வூட்டுக்காரரு எழுதிக்கினு கீறாருடா. ‘எங்க ரூம்’னு போடறதுக்கே பஞ்சாயத்து.”

“அண்ணன் பக்கத்துலயா இருக்காவ? எண்ணே! பாலத்துல நடந்ததச் சொன்னாவளா அக்கா? ஒம்பதர மணிக்கும் வெளிச்சமாக் கெடக்கு பாத்துக்கிடுங்க. என்னா காத்து! எங்ககூட வந்த நெல்லையப்பன் சாரு, ‘இது நம்ம தாமிரபரணிப் பாலம் மாரிதானல’ன்னு பாதியிலயே ரூமுக்குத் திரும்பிட்டாவ. நானும் அக்காவும் ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா நடந்தோம். அதையும் எழுதுங்கண்ணே.”

“சரி ஜெபர்சன்,” என்றான் அன்பு.

பேச்சு முடிந்தது. மெர்சி ஒரே துண்டை இரண்டாவது முறையாக மடித்தாள்.

“பாலத்துக்குப் போனத நீ சொல்லவே இல்ல.”

“சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா உன் மூஞ்சி இப்பிடி ஆவும்னுதான்.”

“எப்பிடி ஆச்சு?”

“போய்க் கண்ணாடில பாரு.”

அவன் கண்ணாடி பார்க்கப் போகவில்லை. “அவ்ளோ நேரம் அவன்கூட இன்னா பேசின?”

மெர்சி துண்டைக் கீழே வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். “இத கேக்கத்தான் ஒரு மாசமா முழுங்கிக்கினு இருந்தியா? கேட்டுக்க. இன்க்ரிமென்ட் பத்திப் பேசினோம். அவன் தங்கச்சிக்கு மாப்ள பாக்கறாங்க, அத பேசினோம். புது சூப்பர்வைசரு தொப்பைய பத்தி நான் ஒரு ஜோக்கு சொன்னேன். சிரிச்சதுல அவன் ஐஸ்கிரீமு கீழ வுழுந்துச்சு. என்னுதுல பாதி குடுத்தேன். போதுமா?”

போதும். ஒரு எழுத்து விடாமல் நம்பினான். நம்பியதுதான் அவனுக்கு ஆபத்தாகப் போயிற்று. ஜெபர்சன் அவள் கையைப் பிடித்திருந்தால் அன்புக்குக் கோபப்பட வழி இருந்திருக்கும். சட்டையைப் பிடிக்கலாம், ஊரைக் கூட்டலாம், உலகம் முழுக்க நாவல்களில் ஆண்கள் செய்கிற எதையாவது செய்யலாம். அக்கா என்று கூப்பிடுகிற பையன், ஐஸ்கிரீம் கீழே விழுந்ததற்கு முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனாலும் எரிச்சல் போகவில்லை. அப்போதுதான் அன்புக்கு விளங்கியது, அவன் வயிறெரிவது பெண்டாட்டியோடு நடந்தவனைப் பார்த்து இல்லை, பாலத்தில் நடந்த பெண்டாட்டியைப் பார்த்து.

“ஆறு எப்பிடி இருந்துச்சு?”

“எது?”

“பாலத்துக்குக் கீழ ஆறுன்னு ஒண்ணு இருந்துச்சே, அது.”

“புதரு மண்டிப்போய் இருந்துச்சுப்பா. செம்பரம்பாக்கம் மதகாண்ட கீதே, அந்த மாரி. கொக்கு இருந்துச்சு.”

“கொக்கு!”

“கொக்குதான். வேற இன்னா இருக்கணும்?”

அதன் பேர் குவாதல்கிவிர். அந்தப் பேரை அவன் பஸ்ஸில் உதடு அசையாமல் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான்! அந்த ஆற்றின் மேல், இருட்ட மனமில்லாத வெளிச்சத்தில் நின்றுகொண்டு, ஒருத்தி சூப்பர்வைசர் தொப்பையைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். எழுத ஆரம்பித்தான். இந்த முறை அவளை எதுவும் கேட்கவில்லை. எழுதி முடித்து நீட்டியபோது மெர்சி துணியெல்லாம் அடுக்கிவிட்டு நீர்மோர் கலந்து கொண்டுவந்திருந்தாள். சத்தம் போட்டுப் படித்தாள்.

“‘வெயில் தெருக்களைக் காலி செய்துவிடும் மதியங்களில், இந்த எளிய ஓட்டலின் முற்றத்தில் ஆரஞ்சு மரத்தின் நிழல் மட்டும் விழித்திருக்கிறது...’ ஏம்பா, மரம் எங்க கீது?”

“முத்தத்துல.”

“முத்தமே கெடையாதே.”

“அந்த ஊர்ல எல்லா வூட்லயும் முத்தம் இருக்கும்.”

“இது வூடில்லப்பா, ஓட்டலு. நடுவுல ஏசி மிஷினு வெச்சிருக்கான். ராத்திரியெல்லாம் ர்ர்ருன்னு கத்தும்.” மேலே படித்தாள். “‘சன்னலைத் திறந்தால் ஆற்றின் வாசம் வருகிறது.’ டீசல் வாசன வரும். ‘மாரி கார்மென் தன் விசிறியை மடக்கியபடி...’ அதுக்கு ஏது விசிறி? அது எப்பவும் போன்ல கேம் ஆடிக்கினு இருக்கும்.” கைப்பேசியைத் தாழ்த்தினாள். “அழகாத்தான் எழுதிக்கிற. ஆனா நான் இருந்த ஓட்டலு இது இல்ல. இத படிச்சிட்டு வர்றவன் மரத்த தேடுவான்.”

“அழிச்சிடு.”

“கோச்சிக்காத.”

“கோவம் இல்ல. அழி.”

அவள் அழித்தாள். பிறகு, தானே ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். எழுத எழுத வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். “கம்பெனி குடுக்கற காசுக்கு நல்ல ஓட்டல். ஏசி நல்லா ஜில்லுனு இருக்கும். சத்தம் வரும், பழகிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம். எங்க ரூம்லேர்ந்து ஆறு தெரியாது. நடந்து போனா வந்துடும். காலையில ரொட்டி மேல தக்காளி அரைச்சு ஊத்தித் தர்றாங்க, மொத நாளு புடிக்காது. லிஃப்ட்ல பெட்டி வெச்சா ஆளு நிக்க எடம் இல்ல. ரூம்ல சமைக்கக்கூடாது. எங்க குக்கரால மாடி பூரா கரன்ட் போயிடுச்சு. மாரியக்கா டார்ச் எடுத்துக்கினு வந்துச்சு. சாரின்னு சொல்லி எலுமிச்ச சாதம் குடுத்தேன். நின்னுக்கினே சாப்பிட்டுச்சு.”

அன்பு கேட்டுக்கொண்டிருந்தான். இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சமும், தட்டோடு நிற்கும் ஒரு பெண்ணும், அறை முழுக்கத் தாளிப்பு வாசனையும் அவன் கண்ணில் தெரிந்தன. அவனுடைய ஆரஞ்சு மரம் தானாகப் பட்டுப்போயிற்று. அந்த டார்ச் வெளிச்சம் அவனால் கற்பனையில் கண்டுபிடித்திருக்க முடியாதது, போனவளுக்கு மட்டும் கிடைப்பது. இன்னும் ஒரு வருஷம் போனால் அவளிடம் இப்படி எத்தனை சேரும்! வந்து, துணி மடித்துக்கொண்டே, ஒவ்வொன்றாய்ச் சொல்வாள். ஊர்ப் பேரைத் திருத்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான்.

“நாலு ஸ்டார் போட்டுட்டேன்.” மெர்சி கைப்பேசியைத் தரையில் வைத்தாள். மோர் டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுக்கவில்லை.

“அன்பு.”

“ம்.”

“நாளைக்கு எச்.ஆர்ல கேப்பாங்க. நீ ஒரு வாரமா வாயே தொறக்கல. போன்னு சொன்னாலும் சரி, போவாதன்னு சொன்னாலும் சரி, ஏன்னு சொல்லு. அம்மா இன்னா சொல்லுவாங்க, ஊரு இன்னா சொல்லும், அதெல்லாம் வேணாம். நீ சொல்லு.”

போ என்று சொல்லத்தான் அவன் நிமிர்ந்தான். அது நல்ல வார்த்தை. படித்த புத்தகங்களெல்லாம் அவனுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தன. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“நானும் எப்பிடியாச்சும் ஒரு தடவ அங்க போயிட்டு வந்துடறேன். பாஸ்போர்ட் எடுத்துடறேன். ஓட்டல்ல கூட வாணாம், சும்மா அந்தப் பாலத்துல நின்னுட்டு வந்துடறேன்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அதுவரைக்கும் நீ போவாதயேன், மெர்சி.”