வலது காதுப் பாட்டு

காதுப் பரிசோதனை நிலையத்தை நடத்தும் மேடம் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியதும் அவன் செவித்திறன் பரிசோதனை அறைக்குள் புகுந்து, கனத்த கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பீரோவைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து, உள்ளே ஒரு நாற்காலி போட்டு, சுவரெல்லாம் பஞ்சு அடைத்து, ஒரு பக்கம் கண்ணாடி பதித்தால் அதுதான் அந்த அறை. உள்ளே உட்கார்ந்தால் வெளியுலகம் வாயைப் பொத்திக்கொள்ளும். சொந்த எச்சிலை விழுங்குவதே பக்கத்தில் யாரோ தண்ணீர் குடிப்பதுபோல் கேட்கும். காது கேட்காதவர்களுக்காகக் கட்டிய அந்த இடத்தைப்போல் பாட்டுக் கேட்பதற்கு ஊரிலேயே வேறு இடம் கிடையாது என்பதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். மேடத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பு இன்னும் தெரியாது. ஒரே சிக்கல், இயந்திரம் கண்ணாடிக்கு வெளியே இருந்தது. அதில் கைப்பேசியைச் செருகி, பாட்டை ஓடவிட்டு, முதல் சத்தம் வருவதற்குள் உள்ளே பாய்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். பழகிவிட்டான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாட்டைப் பரிந்துரைப்பது அவன் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதற்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. ஐம்பது சொச்சம் பேர், அதில் பாதிப் பேர் வெளியேறச் சோம்பல்பட்டு இருப்பவர்கள். குழுவின் விதி ஒன்றே ஒன்று: பாடியவர்களின் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் கேட்டிராத பாட்டாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்துவைத்துப் பதிவு செய்தவை, பக்கத்து வீட்டு நாயும் கூடச் சேர்ந்து பாடியவை, காதலில் தோற்றவர்கள் பாடியவை, தோற்பதற்குக்கூட ஆள் கிடைக்காதவர்கள் பாடியவை. முக்கால்வாசி குப்பை. ஆனால் குப்பையைக் கிளறும்போது கையில் திடீரென்று ஏதோ மின்னும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக அவன் எவ்வளவு குப்பையையும் கிளறத் தயாராக இருந்தான். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'காது'.

அன்றைக்கு மின்னியது 'ஈரத்துண்டு' என்ற இசைக்குழுவின் 'படிக்கட்டு' என்ற பாட்டு. ஓர் ஆண் குரல், ஒரு கிட்டார். அவ்வளவுதான். குரல் ஒரு வரி பாடியது. பிறகு ஒன்றுமில்லை. கிட்டார் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு, தப்புச் செய்ததுபோல் கையை எடுத்துக்கொண்டது. மறுபடியும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் பாடகன் மூச்சு இழுப்பதும், உட்கார்ந்திருந்த ஸ்டூல் முனகுவதும் கேட்டன. அவனுக்குப் புல்லரித்தது. இடது காதில் எதுவுமே கேட்கவில்லை என்பதை அவன் கவனிக்காமல் இல்லை. புதுப் பசங்கள், ஒரே பக்கமாகப் பதிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டான்.

அன்று சாயங்காலமே எழுதினான்: 'டிரம்ஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துபோன பாட்டு. மௌனத்தையே தாளமாக வைத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்!' அனுப்பிவிட்டு, நல்ல வாக்கியம்தான் என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான்.

முதல் பதில் அவன் அக்காவிடமிருந்து குரல் பதிவாக வந்தது. "டேய், என்னத்தடா எழுதி வச்சிருக்க? தகர டப்பாவும் குக்கர் மூடியும் கட்டிப் புரண்டு மாடியிலேருந்து உருளுற மாதிரி இருக்கு. இதுல எங்கடா மௌனம்? நீ வேலை பாக்குற எடத்துலயே ஒரு டெஸ்ட் எடுத்துக்க. அங்கயே வேலை பாக்குறவன்னு காசு குறைச்சுப் போடுவாங்க."

நடைபாதையில் நின்று சாதாரண இயர்போனை மாட்டிக் கேட்டான். வலது காதில் அதே குரல், அதே கிட்டார். இடது காதில் டிரம்ஸ். முதல் நொடியில் தொடங்கி, மூச்சு விடாமல், முற்றுப்புள்ளி என்ற பழக்கமே இல்லாத டிரம்ஸ். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையில் கடைசியாக வந்தவருக்கு வலது காதை மட்டும் சோதிக்க வேண்டியிருந்தது. இயந்திரத்தை வலது பக்கத்துக்குத் திருப்பியவன் அப்படியே விட்டிருக்கிறான். அவனுக்குப் புல்லரித்தது பாதிப் பாட்டுக்கு.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, குழுவில் எதற்கும் முதல் ஆளாகக் கருத்துச் சொல்வதால் 'முதல்வர்' என்று பட்டம் வாங்கிய நண்பன் முந்திக்கொண்டான். "மச்சி, என்னா நக்கல்! டிரம்ஸ் இருக்குறதையே மறந்துட்டாங்களாம்! அந்தக் கொலைகாரன் இதைப் படிச்சா குச்சியை ஒடிச்சுப் போட்ருவான்." அதன்கீழ் சிரிக்கும் முகங்கள் வரிசைகட்டின. வெளியேறச் சோம்பல்பட்டவர்கள்கூடச் சிரித்தார்கள். அவன் எழுதியதை அழித்தான். காதுப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன் காது டமாரம் என்று பேர் எடுப்பதைவிட, வாய் கொஞ்சம் நீளம் என்று பேர் எடுப்பது எவ்வளவோ மேல். 'புரிந்துகொண்டவர்களுக்கு நன்றி' என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வந்தது. "அண்ணே, 'ஈரத்துண்டு'ல பாடுறவன் நான்தான். நீங்க எழுதினதை யாரோ அனுப்பினாங்க. நல்லாவே கிண்டல் பண்ணியிருக்கீங்க. டிரம்ஸ் வாசிச்சது எங்க அண்ணி. படிச்சிட்டு ஒண்ணும் பேசல. குச்சி ரெண்டையும் கொண்டாந்து எங்க வீட்டு டிவி மேல வச்சிட்டுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு முதல் நிகழ்ச்சி. மொத்தமே ரெண்டு பேருதாண்ணே நாங்க. அவங்க வரலைன்னா அது குழு இல்ல, நான்தான்."

இதற்கு அவனால் சிரிக்கும் முகம் போட முடியவில்லை. இயந்திரம், வலது பக்கம், மதியச் சாப்பாடு, நிலையம் இருக்கும் தெரு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினான். அந்தப் பக்கம் வெகுநேரம் 'டைப்பிங்' என்று காட்டியது.

"அண்ணே, இது கிண்டலைவிட மோசமா இருக்கு. நான் போய்ச் சொன்னா என்னையும் சேர்த்து அடிப்பாங்க. நீங்களே சொல்லுங்க. மதியம் அவங்க வண்டி உங்க தெருப் பக்கம்தான் நிக்கும், பாதியை மட்டும் சொல்லி அனுப்பி வைக்கிறேன்."

மறுநாள் மதியம், மேடம் இறங்கிப் போன சற்று நேரத்தில், மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து இறங்கியவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தாள். சாவியை விரலில் சுழற்றியபடியே உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த காதின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீதானா அந்தக் காது?"

"ஆமாக்கா."

"ஒண்ணுதான் வேலை செய்யுதாமே?"

அவன் இயந்திரத்தைக் காட்டினான். எந்தப் பொத்தானை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று பாடம் நடத்துவதுபோல் விளக்கினான்.

"சரி, ஏன்க்கா ரெண்டையும் தனித்தனிப் பக்கம் வச்சீங்க?" என்று கேட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அவன் அவன் வீட்ல பாடினான், நான் என் வீட்ல அடிச்சேன். ரெண்டு பக்கம் இருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டோம். சொத்தா பிரிக்கிறோம், சண்டை வர்றதுக்கு?"

"இல்ல, அதுக்கில்ல. நடுவுல ஒரு எடத்துலகூட நிறுத்தாம அடிச்சிருக்கீங்க. அதான் எதுக்குன்னு..."

அவள் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினாள். "வீட்ல அடிக்கிறவளுக்குத்தான் தெரியும். நிறுத்துனா கூப்பிடுவாங்க. சட்டை எங்க, சார்ஜர் எங்க, தோசைக்கல்லு எங்க... அடிச்சுக்கிட்டே இருந்தா, சரி அவ வேலையா இருக்கான்னு விட்ருவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதே நெனப்புல அடிச்சு அடிச்சு, எங்க நிறுத்துறதுன்னே எனக்குத் தெரியாம போச்சோ என்னமோ. நீ எழுதினதைப் படிச்சப்ப கோவம் வரல தம்பி. கண்டுபிடிச்சிட்டான்டான்னு இருந்துச்சு."

இப்படிப்பட்ட நேரத்தில் அவனுக்கு வழக்கமாக ஒரு நக்கல் கைகொடுக்கும். இப்போது சிக்கே இல்லாத கைப்பேசி ஒயரைச் சிக்கெடுத்தான்.

"நீ கேட்டதைப் போடு. நான் இல்லாம அது எப்படி இருக்குன்னு பாக்கணும்."

உள்ளே உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டான். கதவைச் சாத்தி, வெளியே வந்து, இயந்திரத்தை வலது பக்கம் திருப்பிப் பாட்டை ஓடவிட்டான். கண்ணாடிக்கு அப்பால் அவள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைபோல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவன் இயந்திரத்தோடு ஒயரில் கட்டுண்டு கிடந்த கைப்பேசியின்மேல் குனிந்து, குழுவுக்கு எழுத ஆரம்பித்தான். நான் கிண்டல் செய்யவில்லை, பாதிப் பாட்டைத்தான் கேட்டேன், எந்தப் பாதி என்றுகூடத் தெரியாமல் எழுதினேன், சிரித்தவர்கள் எல்லோரும் இனி என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். அனுப்பிவிட்டான். சிரித்தார்கள். முதல்வர் ஒருவனே ஏழெட்டுச் செய்தி போட்டான்.

பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்தான்.

"நடுநடுவுல டிங்கு டிங்குன்னு வந்துச்சே, அதுவும் பாட்டா?"

"இல்லக்கா. அது எனக்கு விழுற திட்டு."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அது அவள் டிரம்ஸைப்போலவே திடீரென்று தொடங்கியது, ஆனால் நின்றது. "நல்லாத்தான் இருக்கு, நான் இல்லாம," என்றாள். அவன் மறுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள். நாற்காலியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த சின்னக் குமிழை அப்போதுதான் பார்த்தாள். "இது என்னாது?"

"டெஸ்ட்டுக்குக்கா. காதுல சத்தம் கேட்டா அமுக்கணும். வெளிய எனக்கு விளக்கு எரியும்."

"அமுக்கினா சத்தம் வராதா?"

"வராது. வெளிச்சம் மட்டும்தான்."

அவள் குமிழைக் கட்டைவிரலுக்கடியில் வைத்து எடைபார்ப்பதுபோல் உருட்டினாள். "இன்னொரு வாட்டி போடு. உன் திட்டையெல்லாம் நிறுத்திட்டுப் போடு."

போட்டான். கைப்பேசியில் ஓடிய நொடிகளின்படி முதல் வரி முடிந்தது. இயந்திரத்தின் நெற்றியில் இருந்த சின்னப் பச்சை விளக்கு எரியவில்லை. அவளிடம் குமிழ் இல்லாமல் போய்விட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தான். இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் தயாராகத்தான் இருந்தது. இரண்டாவது வரியும் போனது. கிட்டார் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்திருக்கும். பாடகன் மூச்சு இழுத்திருக்கும். அந்த இடத்தில், டிரம்ஸில் ஒரே ஓர் அடி விழுந்ததுபோல், விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வாசலில் வேனுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவளுக்கு அது கேட்க வாய்ப்பில்லை. கண்களை மூடியிருந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அணைந்து கிடந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது எரியும் என்று நினைத்தான். எரியவில்லை. அவன் நினைக்காத இன்னோர் இடத்தில், அடுத்தடுத்து இரண்டு முறை எரிந்தது.