மாமாவின் கல்லீரலும் அத்தையின் கால்விரலும்

யாருக்குக் கண் மஞ்சளானாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். நான் கல்லீரல் மருத்துவன். என் மாமனாருக்குக் கண் மஞ்சளானதைக் கண்டுபிடித்தது என் மனைவி, அதுவும் செல்போனில் முகம் பார்த்துப் பேசும்போது. அதற்கு முந்தைய நாள்தான் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முழு கிரிக்கெட் ஆட்டம் பார்த்திருந்தேன். இந்த விவரத்தை என் மனைவி சொந்தத்தில் யாருக்கும் சொல்லாமல் விடவில்லை.

மாமாவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். சொந்தக்காரர்களுக்கு நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது என்பார்கள். அதனால் வைத்தியம் பார்க்க என் சீனியர், திட்டு வாங்க நான் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

ரத்தத்தில் வைரஸ் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. குடியா? விருந்தில் சோடா கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதர். மிச்சம் இருந்தது மருந்து. மருந்தால் கெட்ட கல்லீரலுக்கென்று தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. மற்ற சந்தேக ஆசாமிகளை எல்லாம் ஒவ்வொருவராக விசாரித்து அனுப்பிவிட்டு, கடைசியில் நோயாளியிடமே கேட்க வேண்டும்: என்ன சாப்பிட்டீங்க? இத்தனை வருடம் கண் விழித்துப் படித்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான்.

"மாமா, மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லை."

"தலைவலிக்கு, முட்டிவலிக்கு, தூக்கம் வரலைன்னு?"

"இல்லை மாப்பிள்ளை."

"பவுடர், வேர், இலை, யாராவது நல்லதுன்னு கொடுத்தது?"

"எனக்கு யார் நல்லது கொடுக்கறாங்க?" என்று அத்தையைப் பார்த்தார்.

"காய்ச்சல்னாகூட மாத்திரை வாங்கமாட்டார்," என்றார் அத்தை. "என் உயிரைத்தான் வாங்குவார்."

சீனியர் கேட்டார். பயிற்சி டாக்டர் கேட்டார். நர்ஸ் கேட்டார். எல்லோருக்கும் அதே 'இல்லை'. பொய் சொல்கிற முகமும் இல்லை.

ஆனால் வார்டில் படுத்திருக்கும்போதே மஞ்சள் ஏறிக்கொண்டு போனது. ரத்தம் உறைய நேரம் பிடிக்க ஆரம்பித்தது. அது கல்லீரல் கையை விரிக்கப் போகிறது என்பதற்கு அடையாளம். சீனியர் என்னைத் தனியே அழைத்து, கல்லீரலில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதிலும் பிடிபடாவிட்டால், மாற்றுக் கல்லீரலுக்கு இப்போதே பெயரை எழுதி வைப்பது நல்லது என்றார். இதே வாக்கியத்தை நான் எத்தனையோ மருமகன்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பதற்கு இவ்வளவு மோசமாக இருக்கும் என்று ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை.

வெளியே வராந்தாவில் என் மனைவி நின்றிருந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதானே," என்றாள். "இதையாவது பண்ணுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கெஞ்சலாகச் சொன்னாள்.

மறுநாள் காலை மாமாவுக்குப் பேப்பர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தேன்.

"மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரை, மருந்துன்னு ஏதாவது..."

மாமா மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். துடைக்கிற துணியைத் தூக்கினார். அடியிலிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார்.

"இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றபடி அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

நான் அட்டையை எட்டிப் பார்த்தேன்.

"இப்ப போட்டது என்ன மாமா?"

"இதுவா? இது உங்க அத்தையோடது."

"அத்தையோடத நீங்க எதுக்குப் போடறீங்க?"

"அவ பாதியில நிறுத்திட்டா. இந்த மாசக் கடைசியோட தேதி முடியுது. தூக்கியா போட முடியும்?"

மாமா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கு முதலில் காலாவதித் தேதி வருகிறதோ, அது முதலில் வெளியே போக வேண்டும். பசைக்கும் பெயின்டுக்கும் போட்ட அந்தச் சட்டத்தை ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கே நான் ஒரு தடவைகூட மெத்தென்ற ரொட்டி சாப்பிட்டதில்லை. புது ரொட்டி வாங்குவார்கள். அதன் முறை வருவதற்குள் அதுவும் பழசாகிவிடும்.

அத்தைக்குக் கால் கட்டைவிரல் நகத்தில் பூஞ்சை. தோல் டாக்டர் மாதக்கணக்கில் சாப்பிட மாத்திரை எழுதினார். அது அத்தையின் நாக்கில் ருசியைக் கொன்றது. உப்பு தெரியவில்லை என்று அவர் அள்ளி அள்ளிப் போட, வீடே தண்ணீர்க் குடத்தைச் சுற்றி வாழ்ந்தது. கடைசியில் மாத்திரையை நிறுத்தினார். இத்தனையும் எனக்குத் தெரியும். அந்த உப்பைத் தின்றவர்களில் நானும் ஒருவன். மாத்திரை சாப்பிடுகிறவரைத்தான் நாங்கள் விசாரிப்போம். நிறுத்தியவர் மிச்சத்தை என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"உங்க நகத்துலதான் ஒண்ணும் இல்லையே மாமா?"

"இனிமேலும் வராதில்ல?" என்று பாதத்தை நீட்டிக் காட்டினார். நகங்கள் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தன.

"நான் மாத்திரை சாப்பிடறீங்களான்னு எத்தனை தடவை கேட்டேன்!"

"எனக்கு எழுதிக் கொடுத்ததைக் கேக்கறீங்கன்னு நெனச்சேன். எனக்கு யாரும் எழுதலையே."

அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுப்பது மிக மிக அபூர்வம். மாமாவும் எதிலும் கூட்டத்தோடு போகிறவர் இல்லை.

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். சீனியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசியைத் தள்ளி வைப்போம். நிறுத்திட்டுப் பார்ப்போம்," என்றார். இதற்கு முறிவு மருந்து இல்லை. காத்திருப்பதுதான் வைத்தியம். நோய் அந்த மருந்தால்தானா என்பது, நிறுத்தினால் இறங்குகிறதா என்பதில்தான் தெரியும்.

அடுத்த ரிப்போர்ட்டில் மஞ்சள் இன்னும் ஏறியிருந்தது.

"திருடனைப் பிடிச்சாச்சுன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"பிடிச்சாச்சு. ஆனா அவன் வீட்டுக்கு நெருப்பு வெச்சுட்டுத்தான் பிடிபட்டான். அணையணுமில்ல?"

தைரியமாகச் சொல்லிவிட்டுக் கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அத்தை வார்டுக்குள் நுழைந்து, "ஊர்ல உள்ளதெல்லாம் காலாவதி ஆகுது, மனுஷன் அத்தனையையும் முழுங்கிட்டா இருப்பான்?" என்று ஆரம்பித்தவர், பாதியில் குரல் உடைந்து, "என் விரலையே வெட்டிப் போட்டிருக்கலாம்," என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்கடுத்த ரிப்போர்ட்டில் ஏறவில்லை. பிறகு இறங்கியது, அரசாங்க அலுவலகத்தில் கோப்பு நகர்கிற வேகத்தில். ரத்தம் ஒழுங்காக உறைய ஆரம்பித்தது. மாற்றுக் கல்லீரல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் போனபோது மாமா தனியாக இருந்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன். விளையாட்டா பதில் சொல்லக் கூடாது. நான் போயிருப்பேனா?"

விளையாட்டாகப் பதில் சொல்வதுதான் எனக்குச் சரளமாக வரும்.

"ஆமா மாமா. அந்த அட்டையை முடிச்சிருந்தீங்கன்னா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"அவ என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டா."

மாமா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், நோயாளி கட்டில்ல நீங்களே உட்காரலாமா?"

"டாக்டர் இப்பதான் கெளம்பிப் போனாரும்மா," என்றார் மாமா. "இவர் என் மாப்பிள்ளை."