உன்ர ஆக்கள்

ஜோக்கிமிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது அவனைச் "சிங்கலேஸே" என்று கூப்பிட்டால் அவன் வாய் திறக்க மாட்டான், கைதான் பதில் சொல்லும். இத்தாலியனில் அதற்குச் சிங்களவன் என்று அர்த்தம், பலேர்மோவில் இலங்கையிலிருந்து வந்த எல்லோருக்கும் அதுதான் பெயர். ரொட்டிக் கடைக்காரி அன்பாக அப்படிக் கூப்பிடுவாள், பஸ் சாரதி எரிச்சலோடு கூப்பிடுவான். பெண்களையும் கிழவர்களையும் ஜோக்கிம் விட்டுவைத்தான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்த பிறகுதான், தமிழர் என்று ஓர் இனம் உலகத்தில் இருப்பதை அறிந்துகொண்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மன்னாரில், அவன் கண் முன்னாலேயே, ஆமிக்காரர் அவனுடைய அண்ணன் அலோசியஸை அடித்து லொறியில் தூக்கிப் போட்டார்கள். பின்பலகைக்கு வெளியே அண்ணனின் இரண்டு கால்களும் தொங்கிக்கொண்டு போனதுதான் அவன் கடைசியாகப் பார்த்தது. சிங்களவர் எல்லோரும் கெட்டவர்கள் என்று ஜோக்கிம் ஒருநாளும் சொன்னதில்லை. என் அண்ணனைக் கொண்டுபோனவனின் பெயரை என் நெற்றியில் ஒட்டாதே, அவ்வளவுதான் அவன் வழக்கு.

அந்தக் கையால் அடி வாங்கியவர்களில் வீதாஸும் ஒருவன்.

வீதாஸ் ஒரு சோவியத் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்த்தவன். 1990 செப்டம்பரில் பலேர்மோ துறைமுகத்தில் இறங்கி, திரும்பிப் போகாமல் நின்றுவிட்டான். போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்பெட்டிகளுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தவனை ஸ்ரீபன்தான் கண்டுபிடித்து அறைக்குக் கூட்டிவந்தான். ஒரே அறையில் ஜோக்கிம், ஸ்ரீபன், கஜானன் மூவரும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாலாவதாக ஒரு வெள்ளைக்கார நெட்டையனும் சேர்ந்தான். மீன்குழம்பு சாப்பிட்டுக் கண்ணீர் விட்டான், மறுநாளும் கேட்டுச் சாப்பிட்டான்.

வந்த முதல் வாரத்தில் அவனும் ஊரார் சொல்வதைக் கேட்டு ஜோக்கிமைச் "சிங்கலேஸே" என்றான். வாயிலேயே விழுந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு எழும்பி, ஏன் என்று கேட்டான். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை இத்தாலியன். அந்த ஓட்டை இத்தாலியனில் ஜோக்கிம் அண்ணனின் கதையைச் சொன்னான். வீதாஸ் கடைசிவரை கேட்டான். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவன் வாயில் வரவே இல்லை.

ஆனால் ஜோக்கிமும் கூட்டாளிகளும் அவனை என்னவென்று கூப்பிட்டார்கள்? "ரஷ்யன்." அவனும் ஆரம்பத்தில் "லித்துவானோ, லித்துவானோ" என்று, தான் சோவியத்துக்குள் அடைபட்ட லித்துவேனியா நாட்டுக்காரன் என்று திருத்திப் பார்த்தான்.

"எல்லாம் ஒண்டுதானே மச்சான்," என்று சிரித்துவிட்டார்கள். அவன் யாரையும் அடிக்கவில்லை.

அவனிடம் பையென்று ஒன்றும் இருக்கவில்லை. உடுப்புக்குள் சுற்றி மறைத்துக் கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள், பச்சையும் வெள்ளையுமான ஒரு ஜேர்சி. அவனுடைய நாட்டுத் தலைநகர் வில்னியூஸின் ஷால்கிரிஸ் காற்பந்துக் கழகத்து ஜேர்சி அது. கழகத்தின் இரண்டாம் அணியில் அவன் பின்வரிசைக்காரனாக இருந்தவன். பெரிய ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருக்கக்கூட அவனுக்கு இடம் கிடைத்ததில்லை, பிறகு முழங்கால் நொந்து கப்பலுக்குப் போனான். ஜேர்சியை யாரிடமும் தோய்க்கக் கொடுக்க மாட்டான். தானே தோய்த்து, அறைக்குள்ளேயே காயப்போடுவான்.

அந்தக் குளிர்காலம் ஜோக்கிமும் அவனும் ஊர் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறித்தார்கள். அங்கே பழம் பிந்தித்தான் பழுக்கும், தை மாதத்தில்தான் வேலை உச்சம். ஏணியின் நிழலில் பழத்தோலை உரித்தபடி வீதாஸ் தன் கழகத்தின் கதையைச் சொல்லுவான். ஷால்கிரிஸ் என்பது ஒரு பழைய போர்க்களத்தின் பெயர். ஐந்நூற்றுச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் இரும்புச் சட்டை போட்ட ஜெர்மன் குதிரைவீரர்களை அவனுடைய ஆட்கள் அங்கே அடித்து நொறுக்கினார்களாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கழகத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயர் கிடைக்கவில்லை. முதலில் டைனமோ, பிறகு ஸ்பார்டாக். சோவியத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இருக்கிற பெயர்கள். அறுபத்திரண்டில்தான் சொந்தப் பெயர் வந்தது. மொஸ்கோ அணிகள் வில்னியூசுக்கு வந்தால் அன்றைக்கு ஊரில் அது வெறும் ஆட்டமாக இருக்காது. ஆட்டம் முடிந்து தெருவில் கத்திக்கொண்டு போய்ப் பொலிசிடம் அடிவாங்கிய வருசமும் உண்டு. எண்பத்தேழில் முழு சோவியத்திலும் மூன்றாம் இடம். அதே வருசம் மாணவர்களுக்கான உலகப் போட்டியில் தங்கம்.

"ஆனா நெஞ்சில சோவியத் எண்டு எழுதின ஜேர்சி," என்றான் வீதாஸ். "உலகம் முழுக்க ரஷ்யன் வெண்டான் எண்டு சொன்னது. போன வருசம் நாங்கள் சுதந்திரம் எண்டு அறிவிச்சம். அவங்கட லீக்கில ஒரே ஒரு மட்ச் விளையாடினம். பிறகு வெளிய வந்திட்டம்."

ஜோக்கிம் பாதி கேட்டான், மீதிப் பாதியில் அவன் யோசனையெல்லாம் மனைவி புனிதமலர் மேல் இருந்தது. சண்டை திரும்பத் தொடங்கியதும் அவள் தோணியேறி இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் காத்திருந்தாள். போன வருசத்துப் பொது மன்னிப்பில் ஜோக்கிமுக்கு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. அந்த அட்டையை வைத்துத்தான் அவளைக் கூப்பிட வேண்டும். பொலிசோடு ஒரு பிரச்சினை வந்தால் எல்லாம் போச்சு. அதனால் அந்த மாதங்களில் அவன் கையைக்கூட அடக்கித்தான் வைத்திருந்தான்.

தை நடுவில் வீதாஸ் பேச்சை நிறுத்தினான். சாப்பாட்டைத் தொடவில்லை. அறையில் எல்லோரும் ஈராக்கில் குண்டு விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குவைத்தில் சொந்தக்காரர் இல்லாத தமிழன் யார்? அவன் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஊர் நினைவு வந்துவிட்டது என்று ஜோக்கிம் முடிவு கட்டினான். பாவமாக இருந்தது. அந்தக் கிழமை துறைமுகத்தில் வேறொரு சோவியத் கப்பல் வந்து நின்றது. அதன் மாலுமிகள் கரையில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜோக்கிமுக்கு மூளையில் மின்னல் அடித்தது. நேரே போய், நாங்கள் தமிழர் ஞாயிறுதோறும் பந்தடிக்கிறோம், இந்த ஞாயிறு எங்களோடு ஒரு மட்ச் விளையாட வருகிறீர்களா என்று கேட்டான்.

"எங்கட ரீமிலயும் கப்பலால இறங்கி நிண்ட உங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார்," என்று பெருமையாக வேறு சொன்னான்.

வீதாஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரில் பார்த்து அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அன்பு சில நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து தமிழ் அணி சியாகுல்லியில் தோட்ட ஓரத்துக் கட்டாந்தரைக்கு வந்தது. வீதாஸ் பச்சை வெள்ளை ஜேர்சியோடு குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாடகை லொறி வந்து நின்றது. மாலுமிகள் ரஷ்ய மொழியில் சத்தம் போட்டபடி குதித்தார்கள். வீதாஸின் கை கயிற்றோடு அப்படியே நின்றது.

ஜோக்கிம் அவன் தோளில் தட்டினான். "பார் மச்சான், ஆர் வந்திருக்கிறாங்கள் எண்டு. உன்ர ஆக்கள்!"

வீதாஸ் எழும்பி ஜோக்கிமின் வாயிலேயே குத்தினான்.

ஜோக்கிம் மல்லாக்க விழுந்தான். வாய்க்குள் ரத்தம், ஒரு பல் நாக்கில் தனியாகக் கிடந்தது. கோபம் வரவில்லை. அந்த அடியை அவனுக்கு நன்றாகத் தெரியும், அதே அடியை ஊர் முழுக்கக் கொடுத்தவன் அவன்தானே.

"போன ஞாயிறு," என்றான் வீதாஸ். "வில்னியூஸில ரீவி கோபுரம். ஆக்கள் வெறுங்கையோட சுத்தி நிண்டவை. இவங்கட டாங்க் மேல ஏறினது, ஜோக்கிம். சனத்துக்கு மேல. நீ இவங்களை என்ர ஆக்கள் எண்டுறாய்."

ஜோக்கிம் எழும்பி நாக்கில் கிடந்த பல்லைத் துப்பினான். வெட்கத்தில் உடம்பு முழுக்கச் சுட்டது. "வா, போவம்," என்று மட்டும் சொன்னான்.

"இல்லை," என்றான் வீதாஸ். "விளையாடுவம்."

அது விளையாட்டா? விசில் ஊத ஆள் இல்லை. மாலுமிகளின் தலைவன் போல ஒரு தடியன் இருந்தான். அவன் வந்தவுடனேயே வீதாஸின் ஜேர்சியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்த சிவத்த தலையனை வீதாஸ் முதல் நிமிடத்திலேயே பந்தோடு சேர்த்துத் தூக்கி எறிந்தான். அவன் மண்ணில் முகம் தேய விழுந்தான். பதிலுக்குத் தடியன் முழங்கையால் இடித்ததில் வீதாஸின் புருவம் கிழிந்தது. ஒரு கண்ணில் ரத்தம் ஒழுக ஒழுக, கஜானன் மூலையிலிருந்து அடித்த பந்தை வீதாஸ் தலையால் மோதிக் கோலுக்குள் தள்ளினான்.

"ஷால்கிரிஸ்!" என்று அவன் போட்ட சத்தத்தில் மரத்துக் குருவிகள் கலைந்தன. வாங்கில் இருக்கக்கூட இடம் கிடைக்காதவனின் முதல் கோல் அது.

அடுத்த பந்துக்குத் தடியன் பந்தைப் பார்க்கவே இல்லை. ஓடிவந்து இரண்டு காலாலும் வீதாஸின் முழங்காலில் பாய்ந்தான். பச்சைக் கொப்பு முறிகிற சத்தம் ஜோக்கிமுக்குக் கேட்டது. விழுந்தவனை ஐந்தாறு பேர் சூழ்ந்து மிதித்தார்கள், வயிற்றில், விலாவில், முகத்தில். ஸ்ரீபன் கோலை விட்டு ஓடிவந்தான், அவன் மூக்கும் உடைந்தது. பிறகு தடியன் கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்தினான்.

"இவன் கப்பலை விட்டு ஓடினவன். உங்களுக்குச் சம்பந்தம் இல்லை," என்று ஜோக்கிமிடம் இத்தாலியனில் சொன்னான். குரலில் கோபமே இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் கதைப்பது போல இருந்தது. "எங்கட ஆள். ரஷ்யன். நாங்கள் கொண்டு போறம்."

வீதாஸைக் கக்கத்தில் பிடித்து லொறிக்கு இழுத்தார்கள். ஜேர்சி கழுத்திலிருந்து கிழிந்து மண்ணில் இழுபட்டது.

கஜானன் ஜோக்கிமை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ஜோக்கிம் அண்ணை, விடுங்கோ! பொலிஸ் வந்தால் உங்கட பெர்மெஸ்ஸோ போயிடும். மலரக்காவை நினையுங்கோ. அவங்கள் தங்கட ஆளைத்தானே கொண்டு போறாங்கள்!"

ஜோக்கிம் மலரை நினைத்தான், நினைக்காமல் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் லொறியின் பின்பலகை தெரிந்தது. அதற்கு வெளியே இரண்டு கால்கள் தொங்கின, ஒன்று கோணலாக.

கஜானனை உதறிவிட்டு ஓடினான். லொறி புறப்பட்டுவிட்டது. பாய்ந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்தான். கால் கல்லில் உரசிக்கொண்டு போனது. மேலேயிருந்து சிவத்த தலையன் சப்பாத்தால் அவன் விரல்களை மிதித்தான். ஒரு விரல் முறிந்தது, பிறகு இன்னொன்று. ஜோக்கிம் கெட்ட வார்த்தை அத்தனையையும் மன்னார்த் தமிழில் கொட்டினான், கையை மட்டும் விடவில்லை. அலோசியஸ் அண்ணையின் லொறியைப் பிடிக்காத கைகள், இதை எப்படி விடும்?

ஸ்ரீபன் குறுக்கு வழியால் ஓடி, பழம் பறிக்கிற நீட்டு ஏணியை வழியில் தள்ளிவிட்டான். லொறி விலகப் போய்த் தோட்டச் சுவரில் மோதியது. பிறகு நடந்ததை அடிதடி என்று சொன்னால் குறைவு. தமிழ் அணி முழுவதும், கஜானனும் சேர்த்து, ஏணிக் காலும் பழப்பெட்டியுமாக லொறிக்குள் ஏறியது. தடியனின் தாடையில் பெட்டியால் அடித்தவன் கஜானன்தான். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. தோட்டக்காரன் கூப்பிட்டு பொலிஸ் வந்தபோது, கிழிந்த ஜேர்சியோடு வீதாஸ் சுவரோரம் கிடந்தான். அவன் தலை ஜோக்கிமின் மடியில் இருந்தது.

மீசை வைத்த ஓர் அதிகாரி இறங்கி வந்தார். தடியன் தாடையைப் பிடித்துக்கொண்டு முந்திக்கொண்டான்.

"எங்கட மாலுமி ஐயா. ரஷ்யன். எங்களுக்குள்ள சின்னப் பிரச்சினை."

அதிகாரி ஜோக்கிமைப் பார்த்தார். "இவனை உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். பெர்மெஸ்ஸோவும் தப்பும், மலரும் வந்து சேருவாள். சட்டவிரோதமாக நின்றவனை வீட்டில் ஒளித்து வைத்தேன் என்று வாயால் ஒப்புக்கொள்ளுகிறவன் யார்? ஜோக்கிம் வாயில் கிடந்த ரத்தத்தைத் துப்பினான்.

"தெரியும். செப்டம்பரிலயிருந்து என்ர அறையில இருக்கிறான். நான்தான் வச்சிருக்கிறன். இவங்கட ஆள் இல்லை ஐயா. ரஷ்யன் இல்லை. லித்துவானோ."

அதிகாரி பெருமூச்சு விட்டார். மாலுமிகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அடிபட்டவர்களை முதலில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்படி கைகாட்டிவிட்டு, ஜோக்கிம் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீயும் என்னோட வரவேணும், சிங்கலேஸே."

ஸ்ரீபன் கண்ணை மூடிக்கொண்டான். கஜானன் "ஐயோ அண்ணை" என்றான். ஜோக்கிமின் கை தன் பாட்டில் உயர்ந்தது. ஆனால் விரல்கள் வீங்கி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றன, மடக்க முடியவில்லை. அப்படியே மடியில் இறக்கினான். இனி என்ன, கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றிருந்தது அவனுக்கு.

மடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வீதாஸ் கண் திறக்க முடியாமல், உடைந்த உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். அதிகாரி குனிந்தார்.

"சிங்கலேஸே இல்லை," என்றான் வீதாஸ். மூச்சு வாங்கிக்கொண்டு, அதிகாரிக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான். "இவன் தமிழன்."

பல் போனபோதும் விரல் முறிந்தபோதும் அழாத ஜோக்கிம், அதைக் கேட்டு வாய்விட்டு அழுதான்.