ஃபேன் சத்தம்

பெட்டி வந்த அன்று அவன் லீவில் இருந்தான். லீவு போட்டது பெட்டிக்காக இல்லை, அக்காவுக்காக. ஆனால் வாசல் மணி அடித்ததும் அவன் விழுந்தடித்து ஓடியதைப் பார்த்திருந்தால் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் அவனுக்கு வேலை. அது வயிற்றுப் பிழைப்பு. உயிரெல்லாம் வீட்டின் பின்னறையில் இருந்தது. ஒரு காலத்தில் தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த அந்த அறையில் இப்போது மூன்று சிந்தசைசர், இரண்டு டிரம் மெஷின், சத்தங்களைக் கலக்கும் பெரிய மிக்சர், அவற்றுக்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் வயர்கள். ஸ்டூடியோ என்று அவன் சொல்வான். குடோன் என்று மனைவி சொல்வாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையிலிருந்து முழுசாக ஒரு பாட்டுகூட வெளியே வந்ததில்லை. வாங்குகிற ருசி பழகிப்போன பிறகு வாசிப்பதில் அவனுக்குப் பொறுமை இல்லாமல் போய்விட்டது. இதை அவனிடம் யாராவது சொன்னால் எரிந்து விழுவான்.

அவனைப் போன்ற பைத்தியங்கள் நாற்பது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் 'புதுவரவு'. வேலை முழுக்க முழுக்க ஒன்றுதான்: யார் வீட்டுக்கு என்ன புதுச் சாமான் வந்தது என்று காட்டுவது, மற்றவர்கள் வயிறெரிவது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வயர் வாங்கியே சொத்தை அழித்தவன் கயிறு. பல் டாக்டராக இருப்பவர் பல்லு. எதை வாங்கினாலும் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும் இவனுக்குக் குமிழ் என்று பெயர். குழுவில் ஒரே ஒரு சட்டம் உண்டு. வெறும் படம் போட்டால் போதாது, சத்தத்தையும் போட வேண்டும். புதுச் சாமான் இல்லாமல் எப்படி இருந்தது, வந்த பிறகு எப்படி இருக்கிறது என்று இரண்டு பதிவு. அதைப் போடாதவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இவன் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடும் பிள்ளையை விசில் இல்லாமலே நிறுத்தும் தொண்டை. ஆபரேஷனுக்குப் பிறகு அது நூல் மாதிரி ஆகிவிட்டது. நாளடைவில் திரும்பிவிடும், ஆனால் கழுத்து வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சர்ஜன் இவனைப் பார்த்தே சொல்லி அனுப்பியிருந்தார். இவனும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தான்.

வந்த அன்று அக்காவின் தலைமாட்டில் ஒரு கண்ணாடி டம்ளரும் ஸ்பூனும் வைத்தாள் மனைவி. எது வேண்டுமென்றாலும் ஸ்பூனால் தட்ட வேண்டியது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தவனுக்கு அது காதில் விழவில்லை. அன்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான், போன மாதம் வாங்கிய மைக்கை அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, நீள வயர் இழுத்துத் தன் மிக்சரில் செருகினான். இனி பாட்டுக்கு நடுவிலும் அக்கா அறை அவன் காதிலேயே இருக்கும். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த முறை அவள் டம்ளரைத் தட்டியபோது அந்த 'ணங்' மைக் வழியாக வந்து அவன் செவிப்பறையைக் கிழித்தது. எழுந்து போய் டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டான்.

"இதெல்லாம் வேணாம்க்கா. காது போயிடும். நீ சும்மா கூப்பிடு."

"என் குரல் எனக்கே கேக்கலடா. உனக்கு எங்க கேக்கப் போகுது?"

"இது என்ன மைக்னு நெனச்ச? நீ மூச்சு விட்டாலே எனக்குக் கேக்கும்."

"அப்ப ஜாக்கிரதையாத்தான் மூச்சு விடணும்" என்று சிரிக்கப் பார்த்தாள். கழுத்தில் கட்டு இருந்ததால் கண் மட்டும் சிரித்தது.

மைக் என்னவோ சொன்ன வேலையைச் செய்தது. அக்கா புரள்வது, இருமுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் அவனுக்குக் கேட்டது. கூடவே, அவள் காலடியில் ஓடிய பழைய ஸ்டாண்டு ஃபேனின் உறுமலும் கேட்டது. அந்த ஃபேன் இல்லாமல் அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது, வேர்த்துக் கொட்டும். எதை வாசித்தாலும் அடியில் அது உறுமிக்கொண்டே இருந்தது. தெரியாமல் ஒரு பதிவில் அது கலந்து குழுவுக்குப் போய்விட, கயிறு உடனே எழுதினான்: "குமிழ், ஹெலிகாப்டர் வாங்கிட்டியா? சொல்லவே இல்ல?" நாள் முழுக்க ஓட்டித் தள்ளிவிட்டார்கள். அக்காவின் ஆபரேஷன் பற்றி அவன் அங்கே வாயே திறக்கவில்லை. ஃபேனை நிறுத்தவும் முடியாது, மைக்கை எடுக்கவும் முடியாது. அன்று மாலையே, வேண்டாத இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் ஒன்றுக்கு ஆர்டர் போட்டான்.

அது வரும் நாள் காலையில் மனைவி ஆபீஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, இன்னைக்கு அண்ணி ரூம்லயே உக்காருங்களேன். அவங்க முகமே சரியில்ல."

"மைக் இருக்குல்ல."

"மைக் பாத்துக்குமா?" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

அவன் அக்காவுக்கு சூப் எடுத்துக்கொண்டு போனான். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கையால் வேண்டாம் என்றாள். "கழுத்து இறுக்கமா இருக்குடா. கட்டை ரொம்ப இழுத்துக் கட்டிட்டாங்களோ என்னமோ." அவன் குனிந்து பார்த்தான். கட்டின் ஓரத்தில் கொஞ்சம் உப்பலாகத்தான் தெரிந்தது. ஆபரேஷன் ஆன கழுத்து வேறு எப்படி இருக்கும் என்று தோன்றியது. சாயந்திரம் வேண்டுமானால் சர்ஜனுக்குப் போன் போடலாம் என்று நினைத்தான். அப்போதுதான் வாசல் மணி அடித்தது. சூப் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓடினான்.

பெட்டியை முன்னால், பின்னால், பிரித்து, பிரிக்காமல் என்று நாலைந்து படம் எடுத்துக் குழுவில் போட்டான். உள்ளே இருந்தது செங்கல் அளவு கறுப்புச் சாமான். நடுவே ஒரு பெரிய குமிழ், பக்கத்தில் ஒரு விளக்கு. இதன் வேலை வாசல் காப்பது. குறிப்பிட்ட அளவுக்கு மேலே வருகிற சத்தத்தை உள்ளே விடும், விளக்கு பச்சையாகும். அதற்குக் கீழே இருப்பது எதுவானாலும் கதவைச் சாத்திவிடும், சிவப்பு எரியும். அளவு எவ்வளவு என்பதைக் குமிழ் தீர்மானிக்கும். என்ன சத்தம், யார் சத்தம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெரிசா சின்னதா என்பது மட்டும் தெரியும்.

அக்காவின் மைக் வயரைப் பிடுங்கி அதில் செருகினான். ஹெட்ஃபோனில் ஃபேன் உறுமியது. குமிழை மெல்லத் திருப்பினான். ஓர் இடத்தில், கத்தரித்த மாதிரி, உறுமல் நின்றது. சிவப்பு. காதுக்குள் அப்படி ஒரு நிசப்தம் விழுந்து எத்தனை நாள் ஆயிற்று! வாய்விட்டு 'அப்பாடா' என்றான்.

அடுத்து, குழுவின் சட்டப்படி இரண்டு பதிவு. மைக்கிலிருந்து வரும் சத்தத்தை அப்படியே ஒரு தடத்திலும், கேட் வழியாக வருவதை இன்னொரு தடத்திலும், ஒரே நேரத்தில் பதிவு போட்டான். காதில் வாங்கிக்கொண்டது சுத்தமானதை மட்டும்தான். அழுக்கை எவன் உட்கார்ந்து கேட்பான்?

பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது சிவப்பு விளக்கு லேசாக நடுங்கியது. பச்சை வரப் பார்த்தது, வரவில்லை. மறுபடி நடுங்கியது. ஏதோ ஒன்று அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்து வந்து முட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் தலையைத் திருப்புகிறது போலும் என்று எண்ணினான். பதிவில் 'டிக்' என்று ஒரு பொட்டு விழுந்தாலும் கயிறு விடமாட்டான். குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினான். நடுக்கம் நின்றது. விளக்கு சிவந்து அசையாமல் எரிந்தது.

இரண்டையும் குழுவில் போட்டான். 'முன்', 'பின்' என்று எழுதினான். அவ்வளவுதான், பாராட்டு கொட்டத் தொடங்கியது. "கல்லறை மாதிரி இருக்குடா!" என்றான் கயிறு. எந்தக் கடை, என்ன மாடல், எனக்கொன்று வாங்கித் தருவாயா என்று கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் சளைக்காமல் பதில் எழுதினான். நடுவில் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டான். போகும்போது அக்கா அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான். தூங்குகிறாள், தூங்கட்டும் என்று நுனிக்காலில் நடந்து திரும்பினான். அந்த நேரத்தில் அவனுக்கு அக்கா மேல் பாசம்கூடப் பொங்கியது.

காபியில் பாதி மிச்சம் இருக்கும்போது பல்லுவின் செய்தி வந்தது. அவரும் அந்த வாரம்தான் புது ஹெட்ஃபோன் வாங்கியிருந்தார். ஊசி விழுந்தாலும் கேட்கும் என்று பீற்றிக்கொண்டிருந்தவர்.

"குமிழ், எல்லாரும் ரெண்டாவதைத்தான் கேட்டிருக்கீங்க. முதல் பதிவுல ஃபேனுக்குக் கீழ ஒரு குரல் இருக்கு. யாருப்பா அது?"

பதிலுக்கு அனுப்ப அவன் சிரிக்கும் பொம்மை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

"திரும்பத் திரும்பக் கேட்டேன். தம்பி தம்பின்னு கூப்பிடறாங்க. மூச்சு இழுக்குது அவங்களுக்கு. உடனே போய்ப் பாரு."

அவன் போகவில்லை. இதற்காக அவன் சாகும்வரை தன்னை மன்னிக்கப் போவதில்லை. கை தானாக 'முன்' என்ற பதிவைத் தட்டியது, பல்லு சொல்வது பொய்யாக இருக்கட்டும் என்று.

உறுமல். உறுமலுக்கு அடியில், "தம்பி." கொஞ்சம் விட்டு, "தம்பி... முடியலடா." கட்டில் கிரீச்சிட்டது. "தம்பி." விளக்கு நடுங்கிய இடம் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. குமிழைத் திருப்பிய இடமும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. மைக்கை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். ஃபேன் சத்தத்துக்கு அடியில், வேறெதுவும் பேசாமல், மூச்சை மட்டும் விட்டாள். இழுத்து இழுத்து, விட்டு விட்டு. அவன் சொன்னதை நம்பி அப்படிச் செய்திருக்கிறாள்.

ஹெட்ஃபோனோடு எழுந்து ஓடினான். வயர் இழுத்துக் காபி கவிழ்ந்தது, போன் கீழே விழுந்தது. கதவைத் தள்ளினான்.

அக்கா பாதி உடம்பு கட்டிலிலும் பாதி வெளியிலுமாகச் சரிந்து கிடந்தாள். கழுத்துக் கட்டு தெறித்துவிடும் போல உப்பியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கை ஸ்டாண்டின் காலைப் பிடித்திருந்தது. கண் திறந்து மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கையைத் தொட்டான். ஃபேன் காற்று அவள் முடியை மட்டும் அசைத்தது.

"அக்கா!" என்று அவன் போட்ட கூச்சல் எதிர்வீட்டுக் கதவைத் திறக்க வைத்தது.

பின்னறையில் யாருமில்லாத மேஜை மேல் அந்த விளக்கு, குமிழைத் திருப்பிய பிறகு முதல் தடவையாக, பச்சையானது. கீழே கிடந்த போனில் இன்னும் பாராட்டு வந்துகொண்டிருந்தது.